பிஸியாக இருக்கிறார்

பொம்மனஹள்ளியில் இருந்த அந்த செல்போன் கம்பெனியின் கால் சென்டரில் தமிழுக்கு பரத் ஒருவன்தான். வாடிக்கையாளர் வைக்கும்வரை லைனைக் கட் பண்ணக் கூடாது என்பது அங்கே சட்டம். குரலில் சிரிப்பு இருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

“வணக்கம் மேடம், நான் பரத். உங்க ஃபோன்ல என்ன பிரச்சனை?”

“ஆனேக்கல்ல இருந்து சொர்ணம் பேசறேன் தம்பி. என் பையனுக்கு ஃபோன் போட்டா ஒரு பொண்ணு எடுக்கறா. ‘சார் பிஸியா இருக்கார், விஷயத்தைச் சொல்லுங்க, குறிச்சு வச்சுக்கறேன்’ங்கறா.”

“அது பொண்ணு இல்ல மேடம், ஏஐ. புது அப்டேட்ல வந்திருக்கு. வேண்டாத ஃபோன் காலை எல்லாம் அதுவே பேசி முடிச்சிடும்.”

“பெத்தவளும் வேண்டாத காலா?”

பரத் தொண்டையைச் செருமினான். “யாருக்கெல்லாம் ஏஐ பதில் சொல்லணும்னு அந்த ஃபோன் வச்சிருக்கறவர்தான் செலக்ட் பண்ணணும் மேடம்.”

“ஓ, அவனே பண்ணதா. போன வாரம் அவகிட்ட முட்டி வலின்னேன். ‘சீக்கிரம் குணமாக வாழ்த்துகள்’னா. அவளாவது ரெண்டு வார்த்தை பேசினா.”

“உங்க ஃபோன்ல கோளாறு எதுவும் இல்ல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“அவளை எப்படி ஆஃப் பண்றதுன்னு சொல்லுங்க.”

“அது உங்க பையன் ஃபோன்லதான் பண்ணணும்.”

“சரி, பண்ணு.”

பரத் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அம்மா, இங்க பேசறதெல்லாம் ரெக்கார்ட் ஆகுது. ஃபோனை வைம்மா.”

“நான் வைக்க மாட்டேன்,” என்றாள் சொர்ணம். “முடிஞ்சா நீ வை, பாக்கலாம்.”