மைனாவின் தடுமாற்றம்

காட்டுப் பல்கலைக்கழகத்தில் அன்று ஜாஸ் இசைக்குக் கடைசித் தேர்வு. அந்த நிமிடம் மனதில் தோன்றுவதைத்தான் பாட வேண்டும்.

மைனாவோ முழுவதையும் மனப்பாடம் செய்து வந்திருந்தது. சந்தேகம் வராதிருக்க, நடுவில் ஒரு சின்னத் தடுமாற்றத்தையும் சேர்த்திருந்தது.

"மாட்டிக்கிட்டா என்னடி பண்ணுவே?" என்றது பேஸ் கிட்டாரோடு நின்ற தவளை.

"நீ வாயை மூடிக்கிட்டு வாசி, போதும்."

தேர்வாளர் கொக்கு ஒற்றைக் காலில் நின்று இமைக்காமல் பார்த்தது. மைனா பாடியது. அது தடுமாறியதும் கூட்டம் உச்சுக் கொட்டியது. சமாளித்து மேலே ஏறியதும் கைதட்டல் பறந்தது.

கொக்கு மட்டும் தட்டவில்லை. "நல்லா இருந்துதும்மா. இன்னொரு தடவை பாடு. இப்ப வேற மாதிரி."

மைனா திரும்பித் தவளையைப் பார்த்தது. தவளை அதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டது. வேறெதுவும் தோன்றாமல் பழையதே வந்தது. தடுமாறும் இடம் நெருங்க நெருங்க, அதையாவது தாண்டிவிட மைனா தவியாய்த் தவித்தது. தொண்டை கேட்கவில்லை. அதே இடத்தில், அதே சுரத்தில், அதே அழகோடு தடுமாறியது.

இந்த முறை யாரும் உச்சுக் கொட்டவில்லை.

கொக்கு மெல்லக் காலை மாற்றி நின்றது.

"அடுத்தது யாரு?" என்றது.