பல்லோரம் வைத்த மாத்திரை

பாபநாசம் பல் ஆஸ்பத்திரியின் சாய்வு நாற்காலியில் அரசப்பன் வாயைப் பிளந்து கிடக்கிறார். தலைக்கு மேல் எரியும் விளக்கு, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்துக் கிடக்கும் புண்ணைக் காட்டுகிறது. கால்மாட்டில் நிற்கும் அம்சம் அதைப் பார்க்கப் பயந்து, கணவரின் சேறு காய்ந்த குதிகாலையே பார்க்கிறாள். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. சோறு மட்டும் இறங்கவில்லை. டாக்டர் ஷைலஜா பஞ்சால் மெல்ல ஒற்றுகிறார். வெள்ளைத் தோல் பாலாடை போல் உரிந்து வருகிறது. "பல்வலிக்கு என்ன செஞ்சீங்க?" "ஆஸ்பிரின் மாத்திரைங்க. பல்லோரமா அடக்கி வெச்சுப்பேன்." "முழுங்கலையா?" "வலி இங்க இருக்கு, வயித்துல போட்டா எப்படிங்க? எந்த வயல் காயுதோ அந்த மடையைத்தானே தொறக்கணும்." டாக்டரின் முகக்கவசம் சிரிப்பில் ஏறி இறங்குகிறது. "நல்லா பாய்ச்சினீங்க போங்க. மாத்திரை பட்டு வெந்த புண்ணுதான் இது, பயப்பட ஒண்ணுமில்ல. இனிமே அடக்காதீங்க. உப்புத் தண்ணியில கொப்புளிச்சு, இந்தக் களிம்பைத் தடவுங்க. ஒரு வாரத்துல ஆறிடும். ஆறிடுச்சான்னு வந்து காட்டுங்க, பல்லையும் சரி பண்ணிடலாம்." அம்சத்துக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்புகிறது, முந்தானையை வாயில் வைத்தும் அடங்கவில்லை. "டாக்டரம்மா, என் தம்பியைக் கண்டாலே இவருக்கு ஆகாது. பஸ்ஸுல வர்றப்ப, இனிமே எனக்கெதுக்கு, என் பைக்கை அவனே வெச்சுக்கட்டும்னாருங்க." அரசப்பன் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்கிறார். "வெச்சுக்கச் சொல்லலடி. தொடச்சு வைக்கச் சொன்னேன்."