வாத்து ஏன் விழவில்லை?

“ஒரு குழந்தைகூடவா சிரிக்கல?”

முதலாளி அறையில் இருந்த எல்லோரையும் பார்த்துக் கேட்டார். கார்ட்டூன் படம் எடுக்கும் நிறுவனம் அது. அவர்களுடைய ‘கராத்தே வாத்து’ முதல் பாகம் சக்கைப்போடு போட்டிருந்தது. இரண்டாம் பாகத்தை அன்று காலை பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிள்ளைகள் பாதிப் படத்திலேயே கொட்டாவி விட்டார்கள். ஒரு வாண்டு எழுந்து வந்து, “எப்போ முடியும்?” என்று கேட்டே விட்டது.

“வில்லன் பத்தல சார்,” என்றார் கதாசிரியர். “ஒரு முதலைக்குப் பதிலா மூணு முதலை வெச்சிடலாம்.”

“மூணு மடங்கு கொட்டாவி விடுவாங்க.”

“சண்டைய கூட்டலாம். இல்லன்னா வாத்துக்கு ஒரு சோகமான பிளாஷ்பேக்...”

“வாத்துக்கு என்னய்யா சோகம்? எல்லாச் சோகமும் எனக்குத்தான்!” முதலாளி மேசையைத் தட்டினார். “அடுத்த மாசம் விநியோகஸ்தருங்க வர்றாங்க. அவங்களும் கொட்டாவி விட்டா ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான். எங்க குறை? நீங்க சொல்லுங்கம்மா.”

கேட்டது வாத்தை வரையும் குழுவின் தலைவியிடம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. குறை எங்கே என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். “யோசிக்கிறேன் சார்,” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

வெளியே வந்ததும் சோடாபுட்டி அவளைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு அடுத்தபடியாக வரைபவன். மூக்குக் கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர்.

“உண்மைய சொல்லிடலாமாக்கா?”

“தாராளமா சொல்லு. ஆபீசை மூடறதுக்கு முன்னாடி நம்மள வெளிய அனுப்பிடுவார்.”

உண்மை இதுதான். நடையையும் விழுவதையும் வெறும் கற்பனையில் வரைந்தால் உயிர் இருக்காது. யாராவது நிஜ மனிதரைப் பார்த்துத்தான் வரைவார்கள். முதல் பாகத்துக்கு அவர்கள் பார்த்தது, எதிரே கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளியை! வயிறு முன்னே வரும், ஆள் பின்னே வருவார். நாற்காலி இருக்கிறதென்று நம்பி உட்கார்ந்து தரையில் இருப்பார். சட்டென்று எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே, “நான் விழல, உக்காந்தேன்,” என்பார். வாத்தும் அதையே சொன்னது. ஊரே சிரித்தது.

படம் வந்த கொஞ்ச நாளில் முதலாளி ஆளே மாறிப்போனார். காலையில் நடை, இரவில் வெறும் சூப். வயிறு போய் கோட்டு வந்தது. கண்ணாடி அறைக்குத் திரைச்சீலையும் வந்தது. பார்க்க ஆளில்லாமல் வரைந்ததில் வாத்துக்கும் கம்பீரம் வந்துவிட்டது. கம்பீரமான வாத்தைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

“மனுஷன் பழையபடி ஒரு தடவ விழுந்தா போதும்,” என்று பெருமூச்சு விட்டான் சோடாபுட்டி.

அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மறு வாரமே, “வெளிச்சம் பத்தல,” என்று முதலாளி திரையை விலக்கினார். அன்றே இழுக்க வேண்டிய கதவைத் தள்ளி மூக்கை இடித்துக்கொண்டார். கதவின் கைப்பிடியில் மாட்டிக்கொண்ட கோட்டோடு ஒரு கராத்தே சண்டையே போட்டார். பிறகு நாற்காலி ஒரு பக்கம் உருண்டு ஓட, அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தார். அக்காவின் பென்சில் பறந்தது.

“பாவம்டா, வயசான மனுஷன்.”

“பாவம்தான். விழும்போது இடது கால் எப்படிக்கா போச்சு?”

“நீ பாக்கலையா?”

“பென்சில் சீவிட்டிருந்தேன்.”

நல்ல வேளை, முதலாளி அதே இடத்தில் மறுபடியும் விழுந்தார். இந்த முறை சோடாபுட்டி இடது காலை நன்றாகவே பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் முதலாளி அவர்கள் மேசைப் பக்கம் வந்தார். விழும் வாத்தின் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அக்கா அவசரமாகப் பென்சில்களை அடுக்கத் தொடங்கினாள்.

“யாரைப் பாத்து வரைஞ்சீங்க?”

“சும்மா... கற்பனைதான் சார்.”

“நல்ல கற்பனை. கால் இன்னும் கொஞ்சம் மேல போகணும்,” என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி போய்விட்டார்.

விநியோகஸ்தர்கள் குடும்பத்தோடு வந்து படம் பார்த்தார்கள். வாத்து கதவில் முட்டியது, கோட்டோடு சண்டை போட்டது, முதலையின் காலடியில் விழுந்து எழுந்து, “நான் விழல, உக்காந்தேன்,” என்றது. அரங்கமே அதிர்ந்தது. ஒரு விநியோகஸ்தர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டார். “ஒரு முதலை போதும்னு நான் அப்பவே சொன்னேன்!” என்று கதாசிரியர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து இருக்கையில் முதலாளியின் மனைவி.

“எப்படியோ படம் தேறிடுச்சு. அவர் இடுப்புல தைலம் தேய்ச்சே என் கை ஓஞ்சு போச்சும்மா,” என்றாள்.

அக்காவுக்குத் திக்கென்றது. “சாருக்கு அடி பலமாம்மா? அந்த நாற்காலிய நாளைக்கே மாத்திடச் சொல்றேன்.”

“நாற்காலி என்ன பண்ணும், பாவம்!” அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. முதல் பாகம் பாத்தப்பவே அந்த வாத்து யாருன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. வெக்கத்துல சரியா சாப்பிடக்கூட இல்ல. அதுக்கப்புறம்தான் நடை, சூப்பு, திரைச்சீலை எல்லாம். போன மாசம் என்னடான்னா, ஹால்ல மெத்தைய விரிச்சுப் போட்டு தினமும் விழுந்து பழகுறார். என்னங்க கூத்து இதுன்னு கேட்டா, ‘வாத்து விழணும்னா நான் விழணும்டி. பாவம் வரையற பிள்ளைங்க, வாய்விட்டுக் கேக்க கூச்சப்படுதுங்க’ங்கறார்!”