ஒரு பல் தள்ளி

டர்போ வைத்த கார் ஒன்றின் எஞ்சினுக்குள் ஒரு பிஸ்டனும் ஒரு வால்வும் இருந்தன. பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு மூடி வழிவிடும். இத்தனை வருஷத்தில் இரண்டும் ஒருநாளும் இடித்துக்கொண்டதில்லை.

வேகம் போதவில்லை என்று கார்க்காரர் புது கேம்ஷாஃப்ட் வாங்கிப் போட்டார். வால்வைத் திறந்து மூட வைப்பது அதன் வேலை.

"நான் ரேஸ் வண்டிக்குன்னே பிறந்தவன். இனிமே பாருங்கப்பா ஆட்டத்தை!" என்றது அது.

ஆனால் பிஸ்டனும் கேம்ஷாஃப்ட்டும் ஒரே கணக்கில் ஓட வைக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட்டை மெக்கானிக் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார். சரிபார்க்க அவர் எஞ்சினைக் கையால் சுற்றியபோது, மூடத் தாமதித்த வால்வு பிஸ்டனின் தலையை லேசாக உரசியது.

"அண்ணே, இடிச்சுட்டேனா?" என்று கேட்டது வால்வு.

பிஸ்டன் அங்கேயே முரண்டு பிடித்து நின்றிருந்தால் மெக்கானிக் மறுபடி பிரித்துப் பார்த்திருப்பார். புதுசைக் கண்டு பொறாமை என்று கேம்ஷாஃப்ட் கேலி பேசுமே என்று பிஸ்டனுக்குத் தயக்கம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றது.

மறுநாள் நெடுஞ்சாலையில் டர்போ ஊத ஊத வேகம் ஏறியது. பிஸ்டன் முழு வேகத்தில் மோதியதில் வால்வு வளைந்துபோனது. வண்டி நின்றது.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றது வால்வு, கோணலாகத் தொங்கியபடி. "நான்தான் குறுக்க வந்துட்டேன்."

முந்தின நாளே உரசியது தனக்குத் தெரியும் என்பதைப் பிஸ்டன் அப்போதும் சொல்லவில்லை.