குளியல் தொட்டியில் விரால்

ஏரி வற்றியதும் சேற்றில் கிடந்த விரால்களைக் குப்புராஜ் அள்ளிவந்து, தோட்டத்து வீட்டின் குளிக்கிற தொட்டியில் விட்டான். கோடை விடுமுறைக்கு அக்கா வரும்வரை உயிரோடு இருக்கட்டும் என்றான். கிணறும் வற்றிவிட்டதால் அவன் மனைவி அஞ்சலாட்சிக்குக் குளிக்க வேறு தண்ணீர் இல்லை. சொம்பை விட்டு மொண்டால் கொழகொழவென்று ஏதோ விரலில் வழுக்கும். கண்ணை மூடிக்கொண்டு தலையில் ஊற்றுவாள். கவிச்சி மூக்கில் ஏறும். அந்த வாடை போகவேண்டும் என்று சோப்பை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். நுரை தொட்டிக்குள் தெறிக்கும். விரால்கள் மேலே வந்து வாயைத் திறந்து விழுங்கும்.

“வேற எங்கனா விடுய்யா, கொமட்டுது.”

“மீனே கம்முனு இருக்குது, உனக்கு இன்னாடி?” என்றான் குப்புராஜ்.

அக்கா வேதவல்லி வந்தாள். குழம்புச் சோற்றை ஒரு வாய் வைத்தவள் முகம் சுளித்தாள். “இன்னாடா இது, மீனு சந்தன சோப்பு மாதிரி மணக்குது?”

“ஏரி மீனுன்னா ஒரு வாசம் இருக்கும்க்கா, சாப்புடு” என்று சொல்லிவிட்டு அவன் விரால் தலையை உறிஞ்சினான்.

பரிமாறிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி கரண்டியை வைத்துவிட்டுத் தன் தோளை முகர்ந்து பார்த்தாள். கவிச்சிதான் அடித்தது.