முதுகு காட்டி ஏறியவள்

பேசாலைக் கடற்கரை மணல்மேட்டில் முதுகுப்பையோடு ஏறினால்தான் கோயில் பங்கு இளைஞரோடு மலைப்பயணம் என்று உச்சியில் நிற்கிறார் ஃபாதர். எல்லாரும் ஏறிவிட, எமில்டா மட்டும் பாதியில் நிற்கிறாள். ஓரடி வைத்தால் மணல் இரண்டடி கீழே இழுக்கிறது. "பையைப் போட்டிட்டு வீட்டை போ!" மேலிருந்து லோறன்ஸ் பகிடி விடுகிறான். அவள் சட்டென்று திரும்புகிறாள். கரைவலை இழுக்கும் அப்பாவைப் போலக் கடலைப் பார்த்தபடி, குதியை ஊன்றிப் பின்பக்கமாகவே ஏறுகிறாள். "ஏலேலோ!" அதே லோறன்ஸ்தான் வலை இழுக்கும் பாட்டைத் தொடங்குகிறான், எல்லாரும் சேர மேடே அதிர்கிறது. ஒவ்வோர் அடிக்கும் கண்முன்னே கடல் அகன்றுகொண்டே போகிறது. பை ஃபாதரின் வயிற்றில் மோதுகிறது. "பாக்காமலே ஏறுறாய், பயமில்லையோ பிள்ளை?" "மேல நீங்கள் நிக்கிறீங்கள்தானே, ஃபாதர்!" ஃபாதர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "மலையில வைச்சு விசுவாசமெண்டு நான் சொல்லித்தர இருந்ததை இப்பவே சொல்லிப்போட்டாய். பரவாயில்லை, வா!"