குளியலறை விருந்தாளி

“அடிப்பா! அந்த ஸ்பேனராலயே ஒரே போடு போடு!”

கட்டில்மேல் ஏறி நின்று கீச்சுக்குரலில் அலறினார் வீட்டுக்காரர். குழாய் சரிசெய்ய வந்த பிளம்பர் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். வாளிக்குப் பின்னால் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

“இது தண்ணிப் பாம்பு சார், விஷம் கிடையாது. பாவம், அதுவே பயந்துபோய்க் கிடக்கு.”

“பாவமாவது புண்ணியமாவது! கொன்னுட்டு மறுவேலை பாரு!”

பிளம்பர் வாளியைச் சாய்த்து, துடைப்பத்தால் பாம்பை மெல்ல உள்ளே தள்ளி, துண்டால் மூடினார். தெருக்கோடி வாய்க்காலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் வீட்டுக்காரர் கட்டிலைவிட்டு இறங்கினார்.

“முன்னெல்லாம் நானும் அடிச்சுத்தான் போடுவேன் சார். என் பொண்ணுதான் மாத்தினா. நெட்ல குழந்தைங்களுக்கு மிருகங்களைப் பத்திச் சொல்லித்தர்ற ஒருத்தர் இருக்காரு. மூஞ்சியே காட்டமாட்டாரு, குரல் மட்டும்தான். கேளுங்க, உங்க பயமும் பறந்துடும்.”

போனைத் தட்டினார். கனிவான ஒரு குரல் குழைந்து வந்தது: “பயப்படாதீங்க செல்லங்களா! பாம்புக்கும் இந்த பூமியில பங்கு உண்டு. அதை அடிக்கலாமா? சொல்லுங்க பார்ப்போம்!”

“‘கூடாது அங்கிள்’னு என் பொண்ணு கத்துவா சார். தங்கமான மனுஷன்! யாரா இருக்கும்?”

வீட்டுக்காரர் தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். காது மடல் சுட்டது. வாசல்வரை வந்து வழியனுப்பியபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு நேரம் அலறியதால் தப்பித்தார். இனி நிதானமாக ஒரு வார்த்தை பேசினாலும் பிளம்பருக்கு அந்தக் குரல் தெரிந்துவிடும்.